மொத்த வைத்தியரும் இரண்டு திரைகளும்

மொத்த வைத்தியர் என்றோர் இனம் நம்மிடையே உலாவுகிறது. தெரியாது என்று சொல்லாதீர்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இரண்டு பேர். ஒரு நோய்க்கு ஒரு மருந்து என்பது இவருக்குச் சில்லறை வியாபாரம். இவர் மொத்தமாகத்தான் செய்வார். பிள்ளைக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்தால், ஒரே வாரத்தில் புது டியூஷன் பிடித்து, மேசையைக் கிழக்குப் பார்த்துத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை மாற்றி, கைப்பேசியைப் பிடுங்கிப் பூட்டி, தண்ணீர்மலை முருகனுக்கு வேண்டுதல் வைத்து, கடைசியாக ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கட்டு வல்லாரையும் வாங்கி வருவார். மதிப்பெண் நான்கு கூடும். எதனால் கூடியது?

“வல்லார.”

ஏன் வல்லாரை? அதைத்தான் கடைசியில் வாங்கினார். வேறு ஆதாரம் வேண்டுமா உங்களுக்கு?

இந்த இனத்துக்கு மூன்று மந்திரங்கள் உண்டு. ஒவ்வொரு வைத்தியத்தையும் தொடங்கும்போது சொல்வது: “எதுக்கும் இருக்கட்டும்.” முடித்ததும் சொல்வது: “இப்ப பாரு.” யாராவது வேறொரு காரணத்தைக் காட்டினால் சொல்வது: “அதுவா இருக்காது.” மூன்றாவதை நன்றாகக் கவனியுங்கள். உலகத்து மூடத்தனத்தில் பாதி அந்த மூன்றாவதில்தான் குடியிருக்கிறது.

பினாங்கில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாவது மாடியில் இருக்கும் மோகனராஜ் இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி. வயது நாற்பத்து மூன்று. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். வேடிக்கை என்னவென்றால், தொழிற்சாலையில் இவர் மொத்த வைத்தியர் இல்லை. அங்கே இவரைப் போல அறிவியல்காரர் கிடையாது. ‘ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, என்ன நடந்தது என்று எழுது’ என்பது அவர் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். இரண்டு திருகாணிகளை ஒன்றாகத் திருகிய இன்ஜினியரை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறார்.

போன வருடம் அங்கே சில்லுகள் வரிசையாகக் கெட்டுப்போயின. மேலிடம் உடனே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டது: ஹமீதா. ஒப்பந்தக் கூலிக்கு வந்தவள். அவள் கை வேர்க்கிறதாம். மேலாளரின் கை வேர்க்காது, ஏனென்றால் அது எதையும் தொடுவதில்லை. அநியாயம் என்று மோகனராஜ் கொதித்துப் போனார். நான்கு நாள் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றாக எழுதி, கடைசியில் மேலாளர் தன் அறை குளிரட்டும் என்று திருப்பிவிடச் சொன்ன குளிர்சாதனக் குழாய்தான் காரணம் என்று நிரூபித்தார். ஹமீதா வேலையில் நீடித்தாள். அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் குரல் இன்னமும் தழுதழுக்கும். உண்மையாகவே நல்ல மனிதர்.

தொழிற்சாலை வாசலில் அடையாள அட்டையைக் கழற்றுகிறவரைக்கும்.

வீட்டு வாசற்படியை மிதித்ததும் இவருக்குள் இருக்கும் அறிவியல்காரர் செருப்போடு சேர்ந்து வெளியே நின்றுகொள்வார். உள்ளே போவது வைத்தியர் மட்டும்.

இனி நோயாளியைப் பார்ப்போம். நோயாளி ஒரு கணினி. அதன் சொந்தக்காரி அவருடைய மனைவி சாந்தினி. திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளி வேன் ஓட்டுகிறவள். மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் முள்ளைப் போகவிட மாட்டாள். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால், கண்ணாடியைப் பார்த்து ஒரு புன்னகை. அதே சாந்தினி சனிக்கிழமை ஆனால், மேசையில் ஸ்டீயரிங் ஒன்றைத் திருகிப் பொருத்தி, கீழே மிதிக்கட்டைகளை வைத்து, கணினிக் கார்ப் பந்தயத்தில் இருநூற்றெழுபதில் வளைவு திரும்புவாள். வேனில் போகிற பிள்ளைகள் பார்த்தால் மறுநாளிலிருந்து நடந்தே பள்ளிக்குப் போவார்கள்.

இந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவளுக்குத் தகுதிப் பந்தயம். பன்னிரண்டு பேர். முதல் மூவர் பினாங்கு அணியில் சேர்ந்து கோலாலம்பூருக்குப் போவார்கள். போன வருடம் அவள் நான்காவது. அதற்கு முந்திய வருடமும் நான்காவது. முப்பத்தெட்டு வயதில், இருபது வயதுக்காரர்களுக்கு நடுவே, மூன்றாவது தடவையாக உட்காரப் போகிறாள். இந்த முறையும் நான்காவது என்றால் ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவதாக முடிவு செய்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம் தவிர.

ஆனால் மூன்று வாரமாகப் படம் திக்குகிறது. வளைவில் சறுக்கிக்கொண்டு போகும்போது, இரண்டு மூன்று நொடிக்கு ஒரு தடவை காட்சி அப்படியே நின்று, பிறகு தாவுகிறது. தாவி முடிக்கும்போது கார் புல்வெளியில் கிடக்கும்.

மேசையில் இரண்டு திரைகள். ஒன்று புதியது, நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு முறை படத்தைப் புதுப்பிக்கும். பந்தயம் ஓடுவது அதில். மற்றது சாந்தினி பழைய சாமான் கடையில் வாங்கியது. நொடிக்கு அறுபது முறைதான். அதில் போட்டி நடத்துகிறவர்களின் அறிவிப்புப் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. வேகமாக நடக்கிறவனும் மெதுவாக நடக்கிறவனும் ஒரே குடைக்குள் போகிற மாதிரி ஏற்பாடு. பேசாமல் போனால் போகலாம். இடையில் எங்கோ ஒரு தடுமாற்றம்.

“இந்தப் பழைய ஸ்கிரீன்தான் லா கோளாறு,” என்று மூன்று வாரமாகச் சொல்லி வந்தார் மோகனராஜ். ஏன்? பழையது, மலிவானது, சத்தம் போடாமல் ஓரமாக நிற்பது. குற்றவாளி ஆவதற்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

சனிக்கிழமை காலை அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

முதலில் ஒயர்களை எல்லாம் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினார். எதுக்கும் இருக்கட்டும் என்று கணினியின் பக்கவாட்டைத் திறந்து, தூசியை ஊதி, ஊதியது கண்ணில் விழுந்து, கண்ணைக் கழுவி வந்து, உள்ளே இருந்த நினைவகப் பட்டைகளைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து, சிப்பின் மேல் சூடு தணிக்கப் பூசியிருந்த பழைய பசையை வழித்துப் புதுப் பசையைத் தோசைக்கு எண்ணெய் விடுகிற தாராளத்தோடு பூசி, படத்தை இயக்கும் மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றி, ஏற்றியது போதாதென்று அதற்கு முந்தியதையும் ஏற்றி, வெயில் படுகிறது என்று மேசையையே அறையின் மறுமூலைக்கு இழுத்து, மின்சாரத்தை வேறு பிளக்கிலிருந்து எடுத்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டு நோர்மாவைக் கூப்பிட்டு, மாலை நான்கிலிருந்து ஐந்து வரை துணி துவைக்கும் இயந்திரத்தைப் போடக்கூடாது என்று மலாயில் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

நோர்மாவும் மலாயிலேயே கேட்டாள்: “என் சோப்புத் தண்ணி உங்க கம்ப்யூட்டருக்குள்ள வருதா தம்பி?”

“கரண்ட்டுக்காக, அக்கா. எதுக்கும் இருக்கட்டும்.”

கடைசியில் ஓர் எலுமிச்சம்பழம் வந்தது. சாமி கும்பிடும் அலமாரியிலிருந்து நேராக வந்து கணினிப் பெட்டியின் தலையில் உட்கார்ந்தது. மோகனராஜுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் வைத்ததால் நட்டமா?

நட்டம் உண்டு. மூடநம்பிக்கை என்றால் எலுமிச்சம்பழம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சோதிக்காமல் நம்பினால் திருப்புளியும் எலுமிச்சம்பழம்தான். பசையும் எலுமிச்சம்பழம்தான். அன்று காலை அந்தக் கணினிக்குள் குறைந்தது எட்டு எலுமிச்சம்பழங்கள் இருந்தன, வெளியே ஒன்று.

“இப்ப பாரு!” என்றார் வைத்தியர், பசை அப்பிய விரலை நீட்டி.

சாந்தினி உட்கார்ந்தாள். ஓட்டினாள். முதல் வளைவு சரி. இரண்டாவது வளைவில் படம் நின்றது, தாவியது. கார் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தது.

“லேக் அடிக்குது.”

“கொறஞ்சிருக்கா இல்லையா?”

“இல்ல.”

“நல்லா பாரு. மொத மூணு செகண்டுக்கு ஒரு தடவ. இப்ப மூணே கால்.”

“அதோட இப்ப சத்தம் வரல. பிரிண்டரையும் காணோம்னு சொல்லுது.”

“அது வேற பிரச்சன. அத அப்புறம் பாப்போம்.”

கடிகாரம் இரண்டரை. மொத்த வைத்தியரிடம் மருந்து தீர்ந்தால் என்ன செய்வார்? கையில் கிடைப்பவனைத் தூக்கில் போடுவார். மோகனராஜ் பழைய திரையின் இரு காதையும் பிடித்தார். “சொன்னேன்ல, இதுதான். இத தூக்கிக் கீழ போட்டுட்டு வர்றேன்.”

சாந்தினி எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை. வேனில் ஒருவனை ஒருவன் கிள்ளும் பையன்களிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

“ஹமீதாவையும் இப்படித்தான் தூக்கிப் போடச் சொன்னாங்க.”

மோகனராஜின் கை திரையின் மேலேயே நின்றுவிட்டது.

“அவளுக்காக நாலு நாள் உக்காந்து ஒண்ணொண்ணா எழுதுனீங்க. எனக்கு ஒரு மணி நேரம் எழுத மாட்டீங்களா? அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு எலுமிச்சம்பழமா?”

இதற்குப் பதில் உண்டா? இல்லை. உண்டென்றால் இந்த உலகத்தில் பாதிக் கணவர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்.

அவள் பள்ளி வேன் வருகைத்தாள் ஒன்றைத் திருப்பிப்போட்டு, நடுவே கோடு கிழித்தாள். இடது பக்கம் ‘மாற்றியது’. வலது பக்கம் ‘நடந்தது’. பேனாவை அவர் கையில் திணித்தாள்.

“நீங்க எதையும் தொடாதீங்க. கச்சாவ் பண்ணாம, தொந்தரவு குடுக்காம உக்காந்து, நான் சொல்றத மட்டும் எழுதுங்க. ஒண்ணொண்ணா. சில்லறையா.”

ஒரு மொத்த வைத்தியரின் கையைக் கட்டிப்போட்டு எழுத வைத்தால் எப்படியிருக்கும் என்று நீங்கள் பார்த்ததுண்டா? பார்க்க வேண்டும். கால் ஆடியது. உதடு முணுமுணுத்தது. இடது கை தானாகவே ஒயரைத் தேடிப் போனது. அதன் மேல் அவள் ஓர் அடி போட்டாள்.

“மொதல்ல, எல்லாம் இப்ப இருக்கிறபடி.” இரண்டு சுற்று ஓட்டினாள். “திக்குது. எழுதுங்க.”

எழுதினார்.

“அடுத்து, பழைய ஸ்கிரீனோட ஒயர உருவுறேன். வேற ஒண்ணும் மாத்தல.” ஓட்டினாள். கார் எண்ணெயில் வழுக்குவது போலப் போனது. ஒரு திக்கல் இல்லை.

மோகனராஜ் நாற்காலியிலிருந்து எகிறினார். “பாத்தியா! பாத்தியா லா! மூணு வாரமா கத்துறேன்!”

“உக்காருங்க. அது இல்லாதப்ப சரியா ஓடுதுன்னுதான் எழுதணும். அதுதான் காரணம்னு இன்னும் எழுதக்கூடாது.”

இது அவருடைய வாசகம். சொல்லுக்குச் சொல் அவருடையது. எழுதினார்.

“இப்ப மறுபடி சொருகுறேன். ஸ்கிரீன்ல இருந்தத எல்லாம் மூடிட்டேன், அதுல எதுவும் ஓடல.” ஓட்டினாள். வழுக்கிக்கொண்டு போனது.

“ம்.”

“ம் இல்ல. எழுதுங்க. இப்ப போட்டி அறிவிப்புப் பக்கத்த மட்டும் தெறக்குறேன்.” ஓட்டினாள். திக்கல் இல்லை. பழைய திரை எந்தத் தப்பும் செய்யாமல், எழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றது, ஹமீதா நின்ற மாதிரியே.

“அப்புறம் என்ன இருக்கு அதுல?” என்று கேட்டாள் சாந்தினி.

மோகனராஜ் ஜன்னலைப் பார்த்தார்.

“என்னங்க. அந்த ஸ்கிரீன்ல வழக்கமா இன்னொண்ணு ஓடுமே?”

ஓடும். இதை இப்போது உங்களிடமும் சொல்லியாக வேண்டும். வைத்தியர் தன் வாயால் சொல்ல மாட்டார். கீழே வாகன நிறுத்துமிடத்தில் அவருடைய நீல நிறக் காரில் யாரோ விரல் நீளத்துக்குக் கீறிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கே சமையலறை ஜன்னல் கம்பியில் ஒரு சிறு கேமராவைக் கட்டி, நேராகக் காரின் மேல் குறிவைத்தார். கைப்பேசியில் பார்த்தால் கார் நகக்கண் அளவுதான் தெரிந்தது. அதனால் பழைய திரையின் வலது மூலையில், ராவும் பகலும், அந்தக் காரின் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அத்தனை வைத்தியத்துக்கு நடுவிலும், ஒவ்வொரு முறை கணினியை அணைத்துப் போட்டதும், அவர் முதல் வேலையாகத் திறந்தது அதைத்தான். ஆடாத கார். அசையாத சக்கரம். எப்போதாவது ஒரு பூனை.

“காடியா?” என்று சிரித்தார் மோகனராஜ். “அதுவா இருக்காது. அது பாட்டுக்கு ஒரு மூலைல ஓடுது.”

“எப்பலேருந்து ஓடுது?”

“இப்பதான், கொஞ்ச நாளா.”

“எத்தன நாளா?”

“மூணு வாரமா.”

“லேக் எப்பலேருந்து அடிக்குது?”

பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். கழற்றி மாட்டினார்.

“எழுதுங்க,” என்றாள் சாந்தினி. “காடி கேமரா தெறக்குறேன்.”

மூலையில் நீலக் கார் தோன்றியது. பெரிய திரையில் பந்தயக் கார் வளைவுக்குள் நுழைந்தது, நின்றது, தாவியது, புல்வெளி. நேரலையை மூடினாள்: வழுக்கியது. திறந்தாள்: திக்கியது. மூடினாள்: வழுக்கியது.

“இன்னொரு தடவ தெறந்து பாரேன்,” என்றார் மோகனராஜ், பரிதாபமாக. “எதுக்கும் இருக்கட்டும்.”

திறந்தாள். திக்கியது.

மெதுவாக நடக்கிறவனான பழைய திரையின் கையில் நிற்காமல் ஓடுகிற ஒரு நேரலையைக் கொடுத்திருந்தார்கள்; அவன் அதைச் சமாளிக்க, குடைக்குள் இருந்த மற்றவன் தடுக்கிக்கொண்டே இருந்தான். அவ்வளவுதான். கண்டுபிடிக்க முப்பத்தைந்து நிமிடம், ஒரு தாள், ஒரு பேனா. ஒரு திருகாணியும் வேண்டியிருக்கவில்லை.

ஆனால், தோழர்களே, இதற்குப் பிறகுதான் இந்த இனத்தின் அழகே தெரியவரும். சாந்தினி நேரலையை மூடிவைத்தாள். மணி மூன்றே முக்கால். மோகனராஜால் உட்கார முடியவில்லை. மனைவியின் பந்தயம் ஒரு பக்கம். கண்காணிப்பில்லாத கார் ஒரு பக்கம். ஐந்து நிமிடம் போராடினார். பிறகு, “நல்லா ஓட்டு சாந்தி, நான் கீழதான் இருப்பேன்,” என்று சொல்லிவிட்டு, மின்தூக்கியில் இறங்கி, தன் காரின் பக்கத்தில், இரு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, காவலுக்கு நின்றுவிட்டார். கேமரா செய்த வேலையை இப்போது அவரே செய்தார். வெயில் தலையைப் பிளந்தது. பூனை வந்து பார்த்துவிட்டுப் போனது.

மேலே, நோர்மா தன் துவைக்கும் இயந்திரத்தை நிறுத்திவைத்துவிட்டு, நிறுத்தச் சொன்னதற்கு என்ன காரணம் என்று பார்க்கவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஆறாவது இடத்தில் தொடங்கிய சாந்தினி ஐந்தாவதுக்கு வந்தாள். ஐந்தாவதிலிருந்து நான்காவது. அந்தப் பழகிய, பாழாய்ப்போன நான்காவது. முன்னால் ஒரு மஞ்சள் கார். நான்கு சுற்று அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போனாள். கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் மஞ்சள் கார் அகலமாகத் திரும்ப, உள்ளே ஒரு வேன் நுழைகிற அளவுக்கு இடம் கிடைத்தது. வேன் ஓட்டுகிறவளுக்கு அது போதாதா?

படம் திக்கவில்லை. திக்கியிருந்தால் புல்வெளிதான்.

ஒன்பதாவது மாடியிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து போட்ட கூச்சல், கீழே நான்கு கார்களின் அலாரத்தைத் தட்டி எழுப்பியது. அதில் ஒன்று நீலம்.

மோகனராஜ் மேலே ஓடி வந்தபோது சாந்தினி ஸ்டீயரிங்கின் மேல் தலை சாய்த்து அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ‘3’. அவர் அவள் தலையைத் தடவினார். அவர் கண்ணும் கலங்கியது. அதில் பொய் கிடையாது. முன்பே சொன்னேன், நல்ல மனிதர்.

“தம்பி, கம்ப்யூட்டர எப்படிச் சரி பண்ணுனீங்க?” என்று நோர்மா கேட்டாள். “எங்க வீட்டு டிவியும் நின்னு நின்னு ஓடுது.”

மோகனராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை மடக்கத் தொடங்கினார். ஒயர். தூசி. அழிரப்பர். மென்பொருள். மேசை. பிளக். ஏழாவது விரலுக்கு வந்ததும் குரல் தாழ்ந்தது. “ஆனா உண்மையான காரணம் என்னன்னா, அக்கா, அந்தப் பசதான். பூசுன ஒடனே வேல செய்யாது. கொஞ்ச நேரம் ஊறணும். சரியா நாலு மணிக்கு ஊறிடுச்சு.”

சாந்தினி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். மேசையில் தாள் கிடந்தது. அதில் அவருடைய கையெழுத்திலேயே எல்லாம் இருந்தது. கோலாலம்பூருக்குப் போகிறவளுக்கு இதற்கெல்லாம் நேரம் இல்லை.

நோர்மா பசை எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போனாள்.

இனி உங்களிடம் ஒரு வார்த்தை. இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். சந்தோஷம். மொத்த வைத்தியர்கள் எல்லாரும் இந்தக் கதைக்கு நன்றாகச் சிரிக்கிறார்கள். மோகனராஜே, பெயரை மாற்றிச் சொன்னபோது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, “எங்க ஆபீஸ்ல இப்படி ஒருத்தன் இருக்கான்” என்றார். உங்கள் வீட்டில் அல்லது வேலையிடத்தில் இந்த நேரத்தில் ஏதோ ஒன்று ஓடாமல் திக்கிக்கொண்டிருக்கும். யார் காரணம் என்று உங்களிடம் ஒரு பட்டியலும் தயாராக இருக்கும். அதை எடுங்கள். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படியுங்கள். உங்களுக்குச் சொந்தமான, உங்களுக்குப் பிரியமான ஏதாவது ஒன்று அதில் இருக்கிறதா?

இல்லையா?

வணக்கம், வைத்தியரே.